மாவாட்டும் நேரத்தில் ஒரு நாவல்

ஈரோட்டிலிருந்து வந்த சென்னியப்பன் என் சமையலறைத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிரைண்டரின் வயிற்றில் காதை ஒட்டவைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பெரிய பாத்திரக்கடைக்காரர். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி கட்டியவர், அது தரையில் புரள்வதைக்கூடக் கவனிக்கவில்லை. தொண்ணூறுகளில் ஒரு மார்கழி மாதம், காலை நேரம்.

"ஓடுதுங்களா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஓடுதுங்க. உள்ளே பாருங்க, மாவு சுத்துது" என்றார் என் வீட்டுக்காரர்.

"சத்தத்தையே காணோமுங்களே!"

"அதுக்குத்தானுங்க இத்தனை வருசம்!"

என் வீட்டுக்காரர் வேலுச்சாமியின் முகத்தில் அன்றைக்கு இருந்த பூரிப்பு எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூடக் கிடையாது. சிங்காநல்லூரில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில், மற்றவர்களுக்குக் கிரைண்டர் ரிப்பேர் செய்துகொடுத்துக்கொண்டே, மிச்ச நேரத்தில் உட்கார்ந்து அவர் உருவாக்கிய மிஷின் அது. சத்தமே போடாத கிரைண்டர். தூக்கத்தில்கூட "பேரிங்... பேரிங்..." என்று அதைப் பற்றித்தான் பேசுவார்.

நான் அடுப்பு மேடையில் சாய்ந்து, கையில் உளுந்துக் கிண்ணத்தோடு சிரித்துக்கொண்டு நின்றேன். சிரித்தது வெளியே. உள்ளே எனக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது. அந்த மிஷின் எங்கள் துடியலூர் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. என் முதல் நாவலின் கடைசி அத்தியாயம் பாதியில் நின்றுபோயிருந்தது. பொங்கலுக்குள் முடித்து அனுப்பாவிட்டால் அது அச்சில் வராது.

கிரைண்டருக்கும் நாவலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சும்மாதானே எழுதிட்டிருக்கே?

கூட்டங்களில் வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "எந்த நேரத்தில் எழுதுவீர்கள்?" என்பது. என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தாளர்கள் விடியற்காலை என்பார்கள், மழை பெய்யும்போது என்பார்கள். ஒருவர் வால்பாறைக்குப் போய் ரூம் போட்டு எழுதுவதாகச் சொன்னார். மகராசன்! என் முறை வரும்போது நான், "உளுந்து ஆடும்போது" என்பேன். எல்லோரும் கைதட்டிச் சிரிப்பார்கள். நான் தமாஷ் பண்ணுவதாக நினைப்பு.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த கூத்தை இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். கூடவே எழுதும் பழக்கமும் வந்தது. அதை யாரும் தடுக்கவில்லை. அதுதான் பிரச்சினையே. "எழுதாதே" என்று ஒருத்தர் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், சண்டை போடுவதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் தங்கமானவர்கள். பேனா பிடித்த பொம்பளை சும்மா இருக்கிற பொம்பளை என்பது மட்டும் அவர்கள் எண்ணம்.

என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தைக்கு என்மேல் உயிர். நான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து முறத்தை வைப்பார்.

"ஏங்கண்ணு, சும்மாதானே எழுதிட்டிருக்கே, இந்தப் பூண்டைச் சித்தெ உரிச்சுப்போடு."

கதாநாயகி கதவைத் தட்டிக்கொண்டிருப்பாள். நான் பூண்டு உரித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் அவள் எதற்குத் தட்டினாள் என்பது எனக்கே மறந்துபோகும்.

வீட்டுக்காரர் இன்னும் மோசம். "அம்மணி, சும்மா இருந்தீன்னா இந்த ஸ்பேனரைக் கொஞ்சம் புடி" என்பார். மகள் சுதா கணக்குப் புஸ்தகத்தோடு வருவாள். பக்கத்து வீட்டு ரெஜினாக்கா எட்டிப் பார்த்து, "சும்மாதான் இருக்கியா? நல்லதாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்.

கடகடவென்று ஒரு கோட்டை

எங்கள் பழைய கிரைண்டர் அத்தை வாங்கியது. ஆளுயரத்தில் பாதி இருக்கும். சுவிட்சைப் போட்டால் கடகடவென்று அது கிளப்பும் இரைச்சல் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஹாலில் டி.வி. பார்ப்பவர்கள் முதல் வேலையாக எழுந்து வந்து சமையலறைக் கதவைச் சாத்துவார்கள்.

ஒரு நாள் மாவு தள்ளிவிட்டுக்கொண்டே நின்றபோது மனதில் ஒரு வரி வந்தது. தேதி கிழித்த காலண்டர் தாள் ஒன்றை எடுத்து எழுதினேன். இன்னொரு வரி வந்தது. நிமிர்ந்து பார்த்தால் தாள் நிரம்பிவிட்டது, உளுந்து பொங்கி நுரைத்துவிட்டது, ஒருத்தரும் என்னைக் கூப்பிடவில்லை!

கூப்பிட்டாலும் காதில் விழாது. விழுந்தாலும், கிரைண்டர் ஓடுகிறது என்றால் மருமகள் வேலையாக இருக்கிறாள் என்று அர்த்தம். யாரும் பூண்டை நீட்டமாட்டார்கள். அடடா, இத்தனை நாள் இது தெரியாமல் போச்சே என்று எனக்கு ஒரே ஆனந்தம்.

அன்றிலிருந்து தினமும் மாவாட்ட ஆரம்பித்தேன். இடது கை மாவைத் தள்ளிவிடும், வலது கை எழுதும். அரிசி ஆடும்போது வர்ணனை, உளுந்து ஆடும்போது உரையாடல். உளுந்துக்கு அடிக்கடி தண்ணீர் தெளிக்கவேண்டும், உரையாடல் என்றால் சின்னச் சின்ன வரியாக எழுதிவிட்டுக் கையை எடுக்கலாம். இதெல்லாம் அனுபவத்தில் வந்த இலக்கணம், எந்த எழுத்துப் பட்டறையிலும் சொல்லித்தரமாட்டார்கள்.

ஆட்டின மாவை என்ன செய்வது? இட்லி, தோசை, ஊத்தப்பம், பணியாரம், மறுபடி இட்லி. அத்தியாயம் நீளமாகப் போனால் ஊருக்கே இட்லி. ரெஜினாக்கா வீட்டுக்கு ஒரு தூக்குப்போசி நிறைய மாவு, எதிர்வீட்டுக்கு ஒன்று. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்த ரெஜினாக்கா கண்கலங்கி, "வருசம் பூரா மாவு குடுக்கறே, உனக்கு இருக்கற மனசு யாருக்கு வரும் கண்ணு" என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்காரர் தட்டில் வைத்ததைப் பேசாமல் சாப்பிடுகிற ரகம். அவரே ஒரு நாள் நாலாவது இட்லியை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ளே, சோறுன்னு ஒண்ணு இருந்துச்சே, இப்பெல்லாம் அது வாரதில்லையா?" என்று கேட்டார்.

காந்திமதியும் கரப்பான் பூச்சியும்

நாவலுக்கு விதை சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. ஒரு நாள் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன் (தக்காளிச் சாதம், நல்ல நாள் அது). பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஒரு பெண் மடியில் குழந்தையும் காலடியில் பையுமாக உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் நான் திரும்பும்போதும் அதே பெஞ்சில் இருந்தாள். பல்லடம் பஸ் போனது, காங்கேயம் பஸ் போனது, கரூர் பஸ் போனது. அவள் ஒவ்வொன்றையும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

கிட்டே போய்க் கேட்டிருக்கலாம். என் பஸ் கிளம்பிவிட்டது, ஓடிப்போய் ஏறிவிட்டேன். வீடு வருகிற வரைக்கும் அவள்தான் மனதுக்குள் இருந்தாள். மறுநாள் அரிசியைப் போட்டுவிட்டு அவளுக்குக் காந்திமதி என்று பெயர் வைத்தேன். ஒரே பகல், ஒரே பஸ் ஸ்டாண்டு, அவள் எந்த பஸ்ஸில் ஏறப் போகிறாள் என்பதுதான் கதை.

பாதிக்குமேல் எழுதியபிறகு, மாதம் ஒரு முழு நாவல் வெளியிட்டுக்கொண்டிருந்த ஒரு சென்னைப் பத்திரிகைக்கு முதல் சில அத்தியாயங்களை அனுப்பினேன். மாவு பட்டுக் காய்ந்த தாள்களெல்லாம் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்து நின்றன. தபாலாபீஸில் அதை எடைபோட்டவர் உள்ளே அப்பளமா என்று கேட்டார்.

ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. தங்கள் நாவலை எங்களுக்கு முன்பே எங்கள் அலுவலகக் கரப்பான் பூச்சிகள் விரும்பி வாசித்துவிட்டன என்று ஆரம்பித்திருந்தார். அடுத்து, தங்கள் பாத்திரங்கள் எல்லோரும் ஏன் கத்தியே பேசுகிறார்கள், குழந்தைக்குத் தாலாட்டுகூட உரக்கப் பாடப்படுகிறதே என்று கேட்டிருந்தார். அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஆமாம், பக்கத்துக்குப் பக்கம் 'என்று கத்தினாள்', 'என்று கூவினான்'. கிரைண்டர் ஓடும்போது மனுஷர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்?

கடைசியில்தான் விஷயம். அந்தப் பெண் எந்த பஸ்ஸில் ஏறினாள் என்று தெரியாமல் தனக்கு இருப்புக்கொள்ளவில்லை என்றும், பொங்கல் லீவு முடிந்து அலுவலகம் திறக்கும்போது முழு நாவலும் மேஜையில் இருந்தால் மாசி இதழில் போடுவதாகவும் எழுதியிருந்தார்.

நான் அதை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"கதையெல்லாம் பொஸ்தகத்துல வருமாக்கும்! நல்லாருக்கட்டும் சாமி" என்றார் அத்தை, மெய்யான சந்தோஷத்தோடு. அப்புறம், "செரி, இந்தச் சின்ன வெங்காயம் மட்டும்..." என்றார்.

பரிசாக வந்த இடி

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் வீட்டுக்காரர் அந்தப் புது மிஷினைக் கொண்டுவந்து சமையலறைத் தரையில் வைத்தார். சின்னதாக, பளபளவென்று, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

"மொத மிசினு உனக்குத்தான் அம்மணி. அந்த எரைச்சல்ல தெனமும் நின்னு நின்னு உன்ர காது என்னத்துக்காகும்? பாக்க எனக்கு மனசு கேக்கலே. இனிமே நிம்மதியா ஆட்டு" என்றார். பழைய கிரைண்டரை அன்றைக்கே வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

மனுஷன் இத்தனை ஆசையாக ஒன்றைச் செய்துகொண்டுவந்து கொடுக்கும்போது எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது? அவருடைய இத்தனை வருஷ உழைப்பு அது. நல்லாயிருக்குதுங்க என்றேன்.

மறுநாள் அரிசியைப் போட்டுவிட்டுத் தாளை எடுத்தேன். காந்திமதி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கதவு திறந்தது.

"ஆட்டறயா கண்ணு? சத்தமே இல்லே, அதான் சும்மா இருக்கறயாட்ட இருக்குதுன்னு வந்தேன்" என்ற அத்தை, முறத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இனிமேல் சமையலறையில் நிம்மதியாகப் பேசலாம் என்பது அவருக்கு அத்தனை சந்தோஷம். பின்னாலேயே சுதா வந்தாள். ரெஜினாக்கா சத்தம் போடாத கிரைண்டரைப் பார்க்க வந்தார், மறுநாள் தன் நாத்தனாரையும் கூட்டிவந்தார். என் வீட்டுக்காரர் பட்டறைக்கு வருகிறவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினார். வந்தவர்கள் சமையலறையில் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒன்றும் கேட்காததைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்குக் காபி போட்டேன்.

வேறு இடம் தேடாமலில்லை. மொட்டை மாடிக்குப் போனேன், "மேலதானே இருக்கறே, வத்தலைக் காக்கா தூக்காம பாத்துக்க" என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன், ஒரு வாளித் துணி வந்தது. காந்திபுரத்துக்கு டவுன் பஸ்ஸில் போய்த் திரும்பும் சாக்கில் எழுதிவிடலாம் என்று ஏறினேன். கவுண்டம்பாளையத்தில் தூரத்துச் சொந்தமான ஒரு ஒறம்பரைக்காரம்மா ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, என் கையிலிருந்த பேனாவைப் பார்த்துவிட்டார். காந்திபுரம் போகிறதுக்குள் அவர் மகனின் ஜாதகக் குறிப்பைப் பார்த்தெழுதிக் கொடுத்திருந்தேன்.

மார்கழி பிறந்துவிட்டது. காந்திமதி குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றுகொண்டேயிருந்தாள். இரண்டு வருஷ உழைப்பு, ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி. எனக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது, யார்மேல் ஆத்திரப்படுவது என்று மட்டும் தெரியவில்லை.

சென்னியப்பன் கண்ணைத் திறந்தார்

சென்னியப்பன் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, தெனமும் பொழங்கறவங்க நீங்க. நீங்க சொல்லுங்க, எப்பிடியிருக்குது?"

வீட்டுக்காரரும் என்னைப் பார்த்தார். பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பையன் முகம் அது. நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அவர் பட்டறை தலைநிமிரும்.

"துளிகூடச் சத்தமில்லீங்கண்ணா..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிட்டது. அடக்கப் பார்த்தேன், அடங்கவில்லை. உளுந்துக் கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதேன்.

சென்னியப்பனுக்கே கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா வேலுச்சாமி, பொம்பளைங்க அந்த எரைச்சல்ல எத்தனை பாடுபட்டிருந்தா இந்த அழுகை வரும்! தை மாச மொகூர்த்தத்துக்குச் சீர்சாமான் வாங்க வருவாங்க. எத்தனை மிசினு ஆகுமோ அத்தனையும் எனக்கே அனுப்புங்க" என்றார். நாலு இட்லி சாப்பிட்டு, மாவின் பதத்தைப் புகழ்ந்துவிட்டுக் கிளம்பிப்போனார்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்த வீட்டுக்காரர் துள்ளிக் குதிக்கவில்லை. வாசற்படியிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"அம்மணி, அது சந்தோச அழுகையில்லே. என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க."

"உன்னைய எனக்குத் தெரியாதா? சொல்லு."

சொன்னேன். எனக்குச் சத்தம் வேணும், சத்தமிருந்தால்தான் எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும், உங்கள் மிஷின் என் கதவைப் பிடுங்கிவிட்டது என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"அப்ப... அத்தனை இட்லியும்?"

"ஆமாங்க."

"பணியாரம்?"

"அதுவுந்தானுங்க."

"எழுதறதுக்கு நேரம் வேணுமுன்னு கேட்டிருந்தா உட்டிருக்க மாட்டமா?" என்றார்.

"கேட்டனுங்க. பூண்டு குடுத்தீங்க" என்றேன்.

அவர் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். அடுத்த சில நாள் சாப்பாட்டுக்கும் சரியாக வரவில்லை. அவர் உயிராக நினைத்ததை நாக்கூசாமல் குறை சொல்லிவிட்டோமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எண்ணெய் போடவே போடாதே

ஒரு மத்தியானம் சாக்கு சுற்றிய ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரித்தால் ஒரு மரப்பலகை, அதன்மேல் பழைய கிரைண்டரின் மோட்டார், பக்கத்தில் ஒரு தகரத் தகடு. தொட்டியும் இல்லை, கல்லும் இல்லை.

"என்னுங்க இது?"

"சுவிச்சைப் போட்டுப் பாரு."

போட்டேன். கடகடவென்று வீடே அதிர்ந்தது. அத்தை ஹாலிலிருந்து, "ஆரப்பா அது!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"இருக்கறதுலயே தேய்ஞ்ச பேரிங்காத் தேடிப் புடிச்சு மாட்டியிருக்கறேன். எண்ணெய் போடவே போடாதே, சத்தம் கொறைஞ்சு போயிரும்" என்று என் காதருகே கத்தினார். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்து, "பழைய சத்தத்துக்குக் கொஞ்சம் கம்மியோ? இன்னொரு தகரம் சேத்தட்டுமா?" என்றார்.

சத்தத்தை ஒழிக்கவே பிறந்த மனுஷன் எனக்காக உட்கார்ந்து சத்தம் செய்திருக்கிறார். நான் மறுபடியும் அழுதேன். இந்தத் தடவை அவர் காரணம் கேட்கவில்லை.

அன்றிலிருந்து உளுந்து வேண்டாம், அரிசி வேண்டாம். சுவிட்சைப் போட்டால் போதும். அத்தையை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. இரண்டாம் நாளே உளுந்து டப்பாவும் கையுமாகக் கதவுக்கு வெளியே நின்று மகனைக் கேட்டார்.

"உளுந்து டப்பாவுலயே இருக்குது. உள்ளே எதையப்பா ஆட்டறா?"

"நாவல் ஆட்டறாங்கம்மா."

"அது எப்ப முடியும்?"

"பொங்கலுக்குள்ளேங்கம்மா."

"செரி" என்றார் அத்தை. அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறும் தட்டைப்பயறுக் குழம்பும்.

கரண்ட் போனது

நாவல் மாசி இதழில் வந்தது. பிறகு புத்தகமாகவும் வந்தது. ஒரு விமர்சகர், நாவல் முழுக்கக் கூச்சலாக இருந்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒருவரும் பேசாமல் அப்படியொரு அமைதி விழுகிறதே, அது தேர்ந்த உத்தி என்று எழுதினார். ரொம்ப நாள் நானும் அதை உத்தி என்றே ஒப்புக்கொண்டு மேடைகளில் தலையாட்டிவந்தேன். உத்தியாவது மண்ணாவது, கரண்ட் போய்விட்டது!

பொங்கலுக்குச் சில நாள் முன்பு. நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். வீடு முழுக்க ஆட்கள். நான் கதவைச் சாத்தி, மோட்டாரைப் போட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தில் இருந்தேன். காந்திமதி பையை எடுத்துவிட்டாள். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஐந்தாறு வரிதான்.

டப்பென்று சத்தம் நின்றது.

வீட்டில் நடப்பதெல்லாம் ஒரேயடியாகக் காதில் விழுந்தது. பாத்திரம் உருட்டுகிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள், யாரோ என் பெயரைச் சொல்கிறார்கள். என் பேனா அப்படியே நின்றது. போச்சு, இனி எப்போது கரண்ட் வந்து, எப்போது இந்த வரி திரும்பக் கிடைக்கும்? வளையல் சத்தம் கதவை நோக்கி வந்தது. நாத்தனார்தான். தாழ்ப்பாளில் கை பட்டது.

"ஏ, கதவைத் தொறக்காதே" என்றது அத்தையின் குரல். "அவ வேலையா இருக்கறா."

"கரண்டே இல்லையேம்மா. மிசினும் நின்னுபோச்சு. என்ன வேலை?"

"எழுதிட்டிருக்கறா" என்றார் அத்தை. "உனக்கு என்ன வேணுமோ எங்கிட்டக் கேளு, நான் வாரேன்."

வளையல் சத்தம் திரும்பிப் போனது. கண்ணீர் கண்ணை மறைத்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டேன். காந்திமதி எந்த பஸ்ஸில் ஏறினாள் என்பதை, அந்த நிசப்தத்தில், அவசரப்படாமல் எழுதி முடித்தேன்.